மீனுக்கு விலை தெரியாத கப்பல்

என் ராசா,

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நீ கிளைப்பேடாவுக்குப் போகப் போவதாகச் சொன்னதும் நான் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்ததை நீ தப்பாக எடுத்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். கடல் காற்றாலை வேலை, லித்துவேனியாவில் இரண்டு வருடம், உனக்குக் கீழே பெரிய குழு என்று டேனிஷில் அடுக்கிக்கொண்டே போனாய். அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது என்றும் சொன்னாய். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். நத்தாருக்கு நத்தார் தொலைபேசியில் என்னோடு ரஷ்ய மொழியில் கத்திக் கதைக்கும் ரூத்தா அன்ரி எந்த ஊர் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு இன்னொரு கேள்வியும் கேட்டாய்: அணுகுண்டும் அவ்வளவு படையும் வைத்திருந்த சோவியத் நாடு எப்படி ஒரு போரும் இல்லாமல் முடிந்தது என்று. பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் உன் தொலைபேசி அடித்தது, எழும்பிப் போய்விட்டாய். உன்னைப் பக்கத்தில் இருத்திக் கதை சொல்லும் காலம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று முறையிடாதே. பயணத்தில் உனக்கு வேறு வேலை இருக்கப் போவதில்லை.

நான் சோவியத் நாட்டு ஒடெசாவில் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். பருத்தித்துறையில் உன் தாத்தா இடதுசாரிக் கட்சிக்காரர். அந்தத் தொடர்பில் கிடைத்த புலமைப்பரிசிலில்தான் உணவு பதனிடும் படிப்புக்குப் போனேன். கல்வி இலவசம், விடுதி இலவசம், காய்ச்சல் வந்தால் வைத்தியமும் இலவசம். அதை இன்றைக்கும் நன்றியோடுதான் சொல்வேன். ஆனால் என் அறைத்தோழிகள் மனம்விட்டுக் கதைக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தில் வெளியே கேட்காதாம். கடையில் இறைச்சி இல்லை என்பதைக்கூடக் குழாயடியில்தான் சொன்னார்கள். படிப்பு முடிந்த நேரம் ஊரில் போர் தொடங்கிவிட்டது, திரும்ப முடியவில்லை. கிழக்கு ஜெர்மனிக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி டென்மார்க் கரையில் இறங்கினேன். எஸ்பியர்க் துறைமுக நகரில் எனக்கு முன்னரே அகதியாக வந்திருந்த அப்பாவைக் கட்டினேன். நீ பிறந்தாய். நான் மீன் தொழிற்சாலையில் ஹெரிங் மீன் வெட்டும் மெசினுக்கு முன்னால் நின்றேன். நான் படித்த ரஷ்ய மொழி இனி எதற்கும் உதவாது என்றுதான் நினைத்தேன்.

உனக்கு இரண்டு வயதான அந்தக் கோடை, எண்பத்தொன்பதாம் ஆண்டு, எங்கள் பொறுப்பாளர் பென்ட் மெசினடிக்கு ஓடிவந்தார். நல்ல மனிதர், குரல்தான் இடி மாதிரி. அவர்கள் எல்லாரும் பேசியதை நான் எங்கட தமிழிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு அந்த முகங்கள் வருகின்றன. "நீ ரஷ்யன் கதைப்பாய் எண்டு சொல்லுகினம், உண்மையோ? மெசினை நிப்பாட்டிப்போட்டு வா. துறைமுகத்திலை ஒரு சோவியத் கப்பல் நிக்குது. மீன் விக்கப் போகினமாம். என்ன சொல்லுகினம் எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை." கையுறையோடும் றப்பர் சப்பாத்தோடும் அவருடைய காரில் ஏறினேன். அப்படித்தான் உன் அம்மா மொழிபெயர்ப்பாளர் ஆனாள்.

அப்போது சோவியத் நாட்டுக்குள் இருந்த கிளைப்பேடாவிலிருந்து வந்த மீன்பிடிக் கப்பல் அது. இயந்திரம் பழுதாகித் திருத்த வந்திருந்தது, உள்ளே பெட்டி பெட்டியாக உறைந்த ஹெரிங். சாப்பாட்டறையில் எங்களை இருத்தினார்கள். ஒரு பக்கம் கப்டன் விக்டர், ரஷ்யர், மெலிந்த நெடிய மனிதர். அவருக்குப் பக்கத்தில் ஸ்தெபானிச். அந்தக் காலத்தில் எல்லாச் சோவியத் கப்பலிலும் கட்சியின் கண்ணும் காதுமாக ஓர் அரசியல் அதிகாரி இருப்பார், அவர்தான் இவர். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவள் கப்பலின் சமையற்காரி ரூத்தா, லித்துவேனியப் பெண், என் வயதுதான்.

"என்ன விலை கேக்கினம் எண்டு கேள்," என்றார் பென்ட்.

நான் கேட்டேன். கப்டன் ஸ்தெபானிச்சைப் பார்த்தார். ஸ்தெபானிச் கூரையைப் பார்த்தார். பெரிய தொகை ஒன்றைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்று நினைத்து பென்ட் முகத்தை இறுக்கிக்கொண்டார். கடைசியில் கப்டன் என்னிடம், "எங்களுக்குத் தெரியாது" என்றார். "விலை எண்டது எப்பவும் மேலையிருந்து வாறது. எத்தினை தொன் பிடிச்சம் எண்டு மட்டும் நாங்கள் சொல்லுவம். இப்ப சட்டம் மாத்தியிருக்கினம். கொஞ்ச மீனை நீங்களே வெளியிலை விக்கலாம் எண்டினம். எப்பிடி விக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

நான் மொழிபெயர்த்ததும் பென்ட் மேசையில் அடித்துச் சிரித்தார். பிறகு கப்டனின் காது சிவப்பதைக் கண்டு சட்டென்று நிறுத்தினார். "பிழையா எடுக்கவேண்டாம் எண்டு சொல்லு. நாளைக்குக் காலமை என்னோடை மீன் ஏலத்துக்கு வரட்டும்."

மறுநாள் நாங்கள் மூவரும் ஏலக் கூடத்தில் நின்றோம். ஏலக்காரர் பாட்டு மாதிரி விலையை ஓட்டிக்கொண்டு போக, வாங்குபவர்கள் கண்ணைச் சிமிட்டியும் விரலைத் தூக்கியும் அதை ஏற்றினார்கள். நல்ல மீனுக்கு ஏறியது, நசிந்த மீனுக்கு நின்றது. கப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பது போல நின்றார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "சின்ன வயசிலையிருந்து மீன் பிடிக்கிறன். ஒரு மீனுக்கு விலை பிறக்கிறதை இண்டைக்குத்தான் கண்ணாலை கண்டன்." அன்று மத்தியானமே அவரும் பென்ட்டும் பேரம் பேசி முடித்தார்கள். கப்டன் ஒரு முறை மேசையை விட்டு எழும்பிப் போவது போல நடித்தும் பார்த்தார். வாசல்வரை போனவருக்குத் திரும்பி வருவது எப்படி என்று தெரியவில்லை, நான்தான் தேத்தண்ணீர் ஆறுகிறது என்று சொல்லிக் கூப்பிட்டேன். பென்ட் மறுபடி சிரித்தார். இந்த முறை கப்டனும் சேர்ந்து சிரித்தார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மேசையில்தான் இருக்கிறது, மகன். மொஸ்கோவில் புதிதாக வந்த தலைவர் பொதுவுடைமையை முடிக்க வந்தவரல்ல, அதைத் திருத்த வந்தவர். பெரெஸ்த்ரோய்க்கா என்றார், மறுசீரமைப்பு. தொழிற்சாலைகள் தாங்களே முடிவெடுக்கலாம், சின்னச் சின்னக் கூட்டுறவுக் கடைகளை ஆட்களே நடத்தலாம், வேலைத்தளத்தில் மேலாளரை வாக்களித்துத் தெரிவு செய்யலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் பாதியைத்தான் அவிழ்த்துவிட்டார்கள். பழைய கட்டளை போய்விட்டது, புதிய சந்தை வரவில்லை. விலைகளில் பெரும்பகுதி மேலே இருந்தவர்களின் கையிலேயே இருந்தது. அதனால் கடைகள் முன்னரைவிட வெறுமையாயின. ரூத்தா இதை ஒரே மூச்சில் விளங்கப்படுத்தினாள். "குடியை நிப்பாட்ட வேணும் எண்டு தலைவர் வோட்காவைக் குறைச்சார். எங்கட ஆம்பிளையள் சீனி முழுக்க வாங்கி வீட்டிலை காய்ச்சினாங்கள். இப்ப வோட்காவும் இல்லை, தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை. சவுக்காரத்துக்கும் கூப்பன்!" சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சொன்னதைவிட அவள் சொன்ன விதம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்தெபானிச் பக்கத்து வாங்கில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் குழாயைத் திறக்கவில்லை.

அதுதான் மற்றச் சொல், கிளாஸ்னொஸ்த். வாயைத் திறக்கலாம் என்பது. அந்தப் பேப்பரிலேயே முன்பு பேசவே கூடாத பழைய குற்றங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அந்த வருடம்தான் மக்கள் முதல்முறையாக ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களிலிருந்து தங்கள் பிரதிநிதியைத் தெரிவு செய்திருந்தார்கள், சபையில் நடந்த வாக்குவாதத்தை நாடே தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்ததாம். இயந்திரம் திருத்தி முடிய இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. நாங்கள் கப்பற்காரரைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்குக் கூப்பிட்டோம். புட்டையும் மீன்குழம்பையும் பார்த்துப் பயந்து, பிறகு சட்டியை வழித்தார்கள். அவர்கள் எங்கள் வரவேற்பறையில் சண்டை பிடித்த சத்தத்தில் கீழ்வீட்டு டேனிஷ் மனுசி இரண்டு தரம் மேலே வந்தாள், இரண்டாம் தரம் சாப்பிட இருந்துவிட்டாள். அப்பா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "உன்ரை றஷ்யாவிலை வாய் திறந்தாச் சைபீரியா எண்டெல்லோ சொன்னனி? இவையள் வாய் மூடுகினமில்லை!" என்றார். நீ கப்டனின் மடியில் இருந்து அவருடைய தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒருநாள் ரூத்தா தொழிற்சாலை வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். அரை நூற்றாண்டுக்கு முன் மொஸ்கோவும் ஜெர்மனிய நாசிகளும் இரகசியமாக ஒப்பந்தம் செய்து அவர்களுடைய சின்ன நாடுகளைப் பங்கு போட்டிருந்தார்கள். அப்படி ஓர் ஒப்பந்தமே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். வாய் திறந்த பிறகு அதுவும் வெளியே வந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா மூன்று நாட்டுச் சனமும் வீதி நீளத்துக்கு ஒரே சங்கிலியாகக் கை கோத்து நிற்கப் போகிறார்கள் என்றாள். "என்ரை அம்மா நிப்பா, தங்கச்சி நிப்பாள். நான் மட்டும் இஞ்சை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நிக்கவோ? நாங்களும் இந்தத் துறையிலை நிப்பம். கப்பலிலை கூட்டம் வைக்கப் போறம். நீயும் வா, எனக்குப் பயமாயிருக்கு."

பயப்பட நியாயம் இருந்தது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் அப்படிச் செய்தது மேலே தெரிந்தால் கடல் அனுமதியைப் பறிப்பார்கள், பிறகு வாழ்நாள் முழுக்கக் கரையில்தான். கூட்டத்துக்கு நான் போனேன். பாதிப் பேர் ரஷ்யர், மீதிப் பேர் லித்துவேனியர். இயந்திரப் பகுதி ரஷ்யர் ஒருவர் எழும்பி, "உங்களுக்குத் தனி நாடு வந்தா நாங்கள் எங்கை போறது? நான் அங்கைதானே பிறந்தனான்?" என்று கேட்டார். ரூத்தா, "போகச் சொல்லி ஆர் சொன்னது? நீ போனா எங்கட இயந்திரத்தை ஆர் பழுதாக்குறது?" என்றாள். அவரே முதலில் சிரித்தார். கப்டன் விக்டர் கையை உயர்த்தினார். "நானும் அங்கை பிறந்தவன்தான். என்னைக் கப்டனா வாக்குப் போட்டுத் தெரிவு செய்தது நீங்கள். உங்கட வாக்கு எனக்குச் சரியெண்டா, இதிலையும் சரிதான்." கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் அல்ல, ஆனால் போதுமான கைகள். எல்லாரும் ஸ்தெபானிச்சைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வாக்கெடுப்பு ஒழுங்காத்தான் நடந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

உனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்யப் போகிறார்கள், ராசா. அவர்களைக் கதைக்க விடு. ஆனால் நீ கேட்க விரும்புவதை மட்டும் கதைப்பார்கள் என்று எதிர்பார்க்காதே. மொஸ்கோத் தலைவர் அதைத்தான் எதிர்பார்த்தார். சனம் வாய் திறந்தால் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த அதிகாரி திருடுகிறான் என்று சொல்வார்கள், வீட்டைத் திருத்திவிடலாம் என்று நினைத்தார். சனமோ எங்களுக்கு இந்த வீடே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பெரும்பாலும் அவர் சனத்தின் வாயைப் பொத்தவில்லை. கிழக்கு ஐரோப்பாவுக்குப் பழைய தலைவர்களைப் போலப் போர்த் தாங்கிகளை அனுப்பவில்லை. எண்ணெய் விலை, ஆப்கானிஸ்தான் போர் என்று படித்தவர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள், அவையும் உண்மைதான். நான் கண்டது இது.

அந்தச் சங்கிலி நாள் மாலை நல்ல வெயில். கப்பலின் இறங்குபடியிலிருந்து கை கோத்துக்கொண்டு துறைமுக வாசல் பக்கமாக நின்றார்கள். சங்கிலி பாதித் தூரம்கூடப் போகவில்லை. வேலை முடிந்து சைக்கிளில் வந்த எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் என்ன இது என்று நின்றார்கள். நான் சொன்னேன். ஒருத்தி சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கையைக் கொடுத்தாள். பிறகு மற்றவர்கள். பென்ட் வந்தார். அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கட பெடியள் பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெடியன் ஒருவன், வல்வெட்டித்துறைப் பிள்ளை, "அக்கா, உவையள் கையைப் பிடிச்சுக்கொண்டு நாடு கேக்கினம். நாங்கள்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். நான் அவனுடைய கையை இறுக்கிப் பிடித்தேன்.

இறங்குபடிக் காவலில் நின்ற இளம் மாலுமி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்தெபானிச் அவனிடம் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். "கப்பலை ஆரும் பாக்கத்தானே வேணும். நான் நிக்கிறன், நீ போ," என்று சொல்லிவிட்டு அவனுடைய இடத்தில் நின்றார். கடைசிவரை அவர் வந்து கை கோக்கவில்லை. அந்த மனிதர் தன் நம்பிக்கையை விடவுமில்லை, மற்றவனைத் தடுக்கவுமில்லை. லித்துவேனியர் பாடினார்கள். பதிலுக்கு டேனிஷ்காரர் எல்லாருக்கும் தெரிந்த ஒரே பாட்டென்று பிறந்தநாள் பாட்டைப் பாடினார்கள். உன் பிறந்தநாள் என்று நினைத்து நீ அப்பாவின் தலையில் தாளம் போட்டாய்.

கப்பல் போய்விட்டது. அந்த இலையுதிர் காலம் முடிவதற்குள் பேர்லின் மதில் விழுந்தது. அடுத்த வருடம் லித்துவேனியா தன்னைச் சுதந்திர நாடென்று அறிவித்தது. தொண்ணூற்றொன்று தையில் லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் சோவியத் தாங்கிகள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதேன், நல்ல பிள்ளைகள் செத்தார்கள். ஆனால் சனம் வீதியை விட்டுப் போகவில்லை. அந்த ஆகஸ்டில் மொஸ்கோவில் கட்சியின் பழைய ஆட்கள் ஆட்சியைப் பறிக்கப் பார்த்தார்கள். மூன்று நாளில் தோற்றுப் போனார்கள், ஏனென்றால் பயந்து வீட்டுக்குள் இருக்கும் சனம் அங்கே இல்லாமற் போயிருந்தது. உடனேயே டென்மார்க் லித்துவேனியாவையும் மற்ற இரண்டையும் சுதந்திர நாடுகளாக ஏற்றுக்கொண்டது. ரூத்தா தொலைபேசியில் கத்திய கத்தில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்பா ஓடிப்போய்ப் பெரிய கேக் வாங்கிவந்து மாடிப்படி வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து நாங்கள் மூவரும் அவளைப் பார்க்கப் போனோம், உனக்கு ஆறு வயது. ஜெர்மனியிலிருந்து கப்பல். கிளைப்பேடாவில் இறங்கினோம். எங்களிடம் கடவுச்சீட்டு இல்லை, அகதிகளுக்கு டென்மார்க் கொடுக்கும் பயணப் பத்திரம்தான் இருந்தது. அதைக் கண்டால் எந்த எல்லையிலும் முகம் மாறும், ஒரு பக்கமாக நில் என்பார்கள். மேசையில் இருந்தவன் இளம் பெடியன், சீருடை இன்னும் மடிப்புக் கலையாத புதுசு. பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். நான் ரஷ்ய மொழியில் சொன்னேன்: "சொந்த நாட்டைத் தவிர எல்லா நாடுகளுக்கும் போகலாம்."

அவன் அந்த வரியில் விரலை வைத்தான். "எல்லா நாடுகளுக்குமோ?"

"ஓம்."

"அப்பிடியெண்டா அதுக்குள்ளை நாங்களும் சேத்தி!" என்றான். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினான். அவனும் சிரித்தான். பிறகு எழும்பி நின்று, இரண்டு கையாலும் அழுத்தி முத்திரை குத்தினான், அவ்வளவு பலமாக. மை காயட்டும் என்று ஊதிவிட்டு, "எங்கட நாட்டுக்கு வாங்கோ" என்று நீட்டினான். அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் எல்லை அதிகாரிக்குக் கை கொடுத்தார். வெளியே ரூத்தா பூங்கொத்தோடு குதித்துக்கொண்டிருந்தாள்.

நீ போகும்போது அந்த மேசை இருக்காது, இப்போது அந்த நாட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் எல்லைச் சோதனை இல்லை. உன் கடவுச்சீட்டை ஒருவரும் கேட்க மாட்டார்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே நடந்து போவாய். அது எனக்குப் பெரிய சந்தோசம். சந்தோசமாய்ப் போய் வா, ராசா.

அம்மா